தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

போன வருஷம் என் கண்ணில் புரை விழுந்தது. சோதனைக் குழாயில் கலங்கலா, என் கண்ணில்தான் கலங்கலா என்று எனக்கே சந்தேகம் வந்த அன்று வேலையை விட்டுவிட்டேன். திண்டுக்கல்லில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே சின்ன அறையில், சிறுநீரும் ரத்தமும் சோதித்தே என் காலம் போனது. இப்போது அந்த அறையில் இருக்கும் பெண்கள் ஒரு காகிதத் துண்டை நனைக்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், எழுதிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, "அக்கா, அந்தக் காலத்துல நெருப்புல காட்டித்தான் பாப்பீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். பிறகு, மதுரையிலேயே ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்களாமே, உங்கள் நாளில் அப்படி யாருக்காவது நடந்ததா என்றாள்.

நடக்கவில்லை. நடக்கப் பார்த்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் தாய் இப்போது உயிரோடு இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு. கல்யாணமாகிச் சீக்கிரமே தனியாளாகிவிட்டவள். பிள்ளை இல்லை. முதலில் பாட்டில் கழுவினேன், பிறகு ஊசி கொதிக்க வைத்தேன், பிறகு டாக்டரம்மா என்னைச் சோதனை அறையில் உட்காரவைத்தார்.

டாக்டரம்மா மலையாள நாட்டுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். குரல் உயராது. "சரியாகிவிடும்" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "பார்க்கலாம்" என்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தால் கெட்ட செய்தி வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் சோதனை செய்யும்போது பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பார். "என்ன இருக்கிறது என்று சொல்லாதே. என்ன தெரிகிறது என்று சொல்" என்பார். எனக்கு அவர் கற்றுத் தந்ததில் பாதி இந்த ஒரு வார்த்தைதான்.

சோதனை இப்படி. கண்ணாடிக் குழாயில் முக்கால் அளவுக்குச் சிறுநீரை ஊற்ற வேண்டும். அடிப்பக்கத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, சாய்த்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் காட்ட வேண்டும். மேலே கொதிக்கும், கீழே அப்படியே இருக்கும். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். பிறகு கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். மேல்பாகத்தில் புகைபோல வெள்ளை இறங்கினால் உடனே பயப்படக் கூடாது. ஆசிட் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட வேண்டும். வெள்ளை கரைந்துபோனால் ஒன்றுமில்லை. கரையாமல் நின்றுவிட்டால், உடம்பில் இருக்க வேண்டிய சத்து சிறுநீரகம் வழியாக ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் முருகேசன் வந்தான். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ்ஸே அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனது. இருபத்தைந்து வயதைக் கொஞ்சம் தாண்டியவன். முகம் வீங்கிக் கண் இரண்டும் கீறல்போல இருந்தன. காலில் செருப்பு நுழையாததால் கையில் பிடித்திருந்தான்.

"அக்கா, ஒரு வாரத்துல இம்புட்டுச் சதை போட்டுட்டேன். எங்க ஆத்தா சோத்துக்கு என்ன அரிசி போடுதுன்னு நீங்களும் கேட்டுக்கங்க" என்றான். சிறுநீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா?" என்றான்.

நான் குழாயை விளக்கில் காட்டினேன். வெள்ளை இறங்கவில்லை, கட்டியது. முட்டையின் வெள்ளைக் கரு வெந்ததுபோல உறைந்தது. கவிழ்த்தேன், விழவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போது எங்களிடம் இருந்த வைத்தியம் சொற்பம். உப்பில்லாச் சோறு, அளந்த தண்ணீர், சில ஊசிகள். முருகேசனின் தாய் வீராயி குஜிலியம்பாறைக்கு உள்ளே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல் கூட்டிச் சமைத்தாள். கணவர் இறந்து வெகு காலம். மகனுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்குமே உப்பில்லாமல்தான் வடித்தாள். "அவன் திங்காத உப்பு எங்களுக்கு எதுக்கு தாயி?" என்பாள். அந்தச் சோற்றை அவளோடு உட்கார்ந்து தின்ன இன்னொரு ஆளும் இருந்தான்.

அவனை முதலில் பார்த்தபோது என் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த முருகேசன் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். வீக்கம் இல்லாத முகம். திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அங்கே வீங்கிய முருகேசன் கண் மூடிக் கிடந்தான். வாசலில் நின்றவனுக்கு ஐந்தாறு வயது குறைவாக இருக்கலாம். மற்றபடி அதே புருவம், அதே காது, அதே நிற்கும் விதம்.

"தம்பிங்களா?" என்று வீராயியிடம் கேட்டேன்.

அவள் ஆளில்லாத தாழ்வாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "இல்லைங்க. அது எங்க பிள்ளை இல்ல. தவுட்டுக்கு வாங்குனது."

எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் தெரியாதவர்கள் குறைவு. ஒரு வீட்டில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தையை வாசல்படிக்கு வெளியே கொண்டுபோய் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டான் என்றே பெயர் வைப்பார்கள். பெற்றது இல்லை, விலைக்கு வாங்கியது. பிள்ளைகளைக் கொண்டுபோக வரும் எதுவோ, இந்த வீட்டில் நமக்கு வேலையில்லை என்று திரும்பிவிடும். பிள்ளை வளர்ந்த பிறகு எல்லாரும் அதை வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். வீராயி வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தவிட்டான் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டான். தினம் பொழுது சாயும்போது அவள் அவனைப் பார்த்து, "ஏப்பா, நேரமாச்சு. ஒங்க ஆத்தா தேடுவாகள்ல, போ" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொல்வாள். அவன் முன்வாசல் வழியாகப் போவான். பின்வாசல் வழியாக வந்து அண்ணன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வான். நான் பார்த்த முதல் நாள் சிரித்தேன். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மாவோடு படித்த ஒருவர் வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டரம்மா டிரங்க் கால் போட்டு அவரிடம் பேசினார். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைக்கும் முயற்சியை அங்கே தொடங்கியிருக்கிறார்கள். பையனை அனுப்பலாம், ஆனால் கொடுப்பவர் பெற்றவராகவோ ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவராகவோ இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். பிழைப்பான் என்று உறுதி இல்லை, ஆனால் இங்கே இருந்தால் பிழைக்க மாட்டான் என்பது உறுதி.

அதைக் கேட்டதும் வீராயி, "என்னோடத எடுத்துக்கங்க. ரெண்டையும் எடுத்துக்கங்க. எனக்கு இனிமே எதுக்கு?" என்றாள். அவளுக்கு ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. அவளை மேசையில் படுக்கவைத்தால் இரண்டு உயிர் போகும் என்றார் டாக்டரம்மா.

தவிட்டான் முன்னால் வந்தான். "எனக்கு நல்ல உடம்புதானேம்மா. எந்தப் பக்கம் எடுப்பீகன்னு மட்டும் சொல்லுங்க, அந்தத் தோள்ல மூட்டை தூக்காம இருந்துக்கிறேன்."

"உன்னைப் பெற்றவர் யார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவன் வீராயியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். "அத அவுகதான் சொல்லணும். நான் கேட்டதில்ல."

வீராயி மறுபடியும் அதையேதான் சொன்னாள், தவிட்டுக்கு வாங்கியது என்று. டாக்டரம்மாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. யாரோ பெற்ற அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, சரி, முடியாது என்று எழுந்துவிட்டார். நான் பின்னாலேயே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ நினைப்பதைச் சொல்கிறாயா, தெரிவதைச் சொல்கிறாயா?"

"முகம் தெரியுதேம்மா."

"முகத்தைப் பார்த்து ஒருவனை அறுக்க அனுப்ப முடியாது, சரசு. சொந்தமில்லாத பிள்ளையையும் இப்படிச் சொல்லி வளர்ப்பார்கள் இல்லையா? தாய் சொல்லட்டும்."

ரத்த வகை இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. அது தெருவில் போகிற பலருக்கும் பொருந்தும் என்றார். தவிட்டானின் சிறுநீரையும் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மேலும் கீழும் ஒரே தெளிவு. கறுப்புக் காகிதம் குழாய்க்குள் இருப்பதுபோலத் தெரிந்தது.

துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் வீராயி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு வலியப் போய்ப் பேசத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளாகவே சொன்னாள்.

"முருகேசன் தலைச்சன். அவனுக்கப்புறம் பொறந்தது எல்லாம் தங்கல தாயி. ஒண்ணு பொறக்கும்போதே அழாம ஊமையாப் போச்சு. ஒண்ணு பேரு வைக்கிறதுக்குள்ள. ஒண்ணு நல்லா இடுப்புல குந்துற அளவுக்கு வந்துச்சு. எஞ்சாமி, எம்மவனேன்னு ஒரு நா வாய் நெறைய வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அன்னைக்கே காய்ச்சல் கண்டு போச்சு. அதுக்குக் காது ரொம்பக் கூர்மை."

"எதுக்குங்க?"

அவள் என் தோளுக்கு மேல் எங்கேயோ பார்த்தாள். நான் திரும்பினேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொடியில் ஆஸ்பத்திரித் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று இல்லை. ஓரத்துத் துணி மட்டும், தாழ்வாக இருந்த முனையைப் பிடித்து யாரோ இழுத்துவிட்டதுபோல ஆடி நின்றது.

முருகேசனின் பேச்சு குழற ஆரம்பித்தது. மூச்சில் மாட்டுக் கொட்டகையின் மூத்திர நாற்றம் வந்தது. ஒரு பகல் நேரம் நான் ஊசி போட வந்த நர்ஸுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் முந்தானையைப் பிடித்தான்.

"அக்கா, செத்த நேரம் நில்லுங்க. சின்னப் பிள்ளைக ஏறிக்கிட்டிருக்கு."

"எங்கப்பா?"

"ஆத்தா பின்னாடி. பெரியாளு இல்லாம இப்படிப் பிள்ளைகள ஏத்திவிட்டா நான் யார்கிட்ட டிக்கெட் கேக்குறது? இதுகளுக்கு அரை டிக்கெட். இடுப்புல இருக்குறதுக்கு வேணாம்."

வீராயி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் நிற்கும் விதம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஒரு பக்கமாக இடுப்பை ஒடித்து, இடது கையை வளைத்து நின்றாள். வந்த நாளிலிருந்தே அவள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். வளைந்த கைக்குள் ஒன்றும் இல்லை.

ரத்தத்தில் தங்கிவிட்ட கழிவு மூளைக்கு ஏறினால் இப்படிப் பேசுவார்கள் என்று டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார். அது எனக்குப் புரிந்தது. வீராயி ஏன் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அவர் விளக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் முருகேசனுக்கு முகம் துடைக்கப் போனேன். நெற்றியிலும் மூக்கின் ஓரத்திலும் தாடி மயிர் அடியிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உப்பளத்துத் தரைபோல. வியர்வை காய்ந்த இடமெல்லாம் அது மினுங்கியது. சிறுநீரில் போக வேண்டியது தோல் வழியாக வருகிறது, இது கடைசிக் கட்டம் என்று டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீராயி தன் விரலால் அவன் நெற்றியைத் தொட்டாள். விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். "ஒரு கல்லு உப்புப் போடல நான். இம்புட்டு உப்பு எங்கருந்து வந்துச்சு? எந்தப் பிள்ளையப் பொதைச்ச குழியில போட்ட உப்பு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து தவிட்டான் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு நேராக டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். கை கழுவும் தொட்டியைக் காட்டி, "அந்தக் குழாயத் தெறந்து விடு தாயி. நல்லா சத்தமா விழுகட்டும்" என்றாள். நான் முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் பீங்கான் தொட்டியில் இரைந்து விழுந்தது. வீராயி டாக்டரம்மாவின் காதோரம் குனிந்தாள். வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை.

அப்போது குழாய் நின்றுபோனது.

திண்டுக்கல்லில் குழாய் நிற்பது புதுமை இல்லை. தினமும்தான் நிற்கும். ஆனால் அவள் சொல்லிக்கொண்டிருந்ததன் கடைசி வார்த்தை அந்த மூடிய அறையில் தனியாக விழுந்தது. "...எம்மவன்."

வீராயி வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய் ஒரு தடவை காற்றை இழுத்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல இருந்தது. பிறகு சொட்டுக்கூட விழவில்லை.

டாக்டரம்மா உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். வடக்கே மறுபடியும் டிரங்க் கால், ரயிலுக்கு ஏற்பாடு, கூடப் போக ஒரு ஆள். தவிட்டானுக்கு எல்லாச் சோதனையும் மறுபடியும் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை அவன் கொடுத்த பாட்டிலை நான் எடுத்தேன். ஏற்கெனவே தெளிவாக இருந்த ஆள்தானே என்று நினைத்துக்கொண்டே குழாயைச் சாய்த்து நெருப்பில் காட்டினேன்.

மேலே கொதித்தது. மெல்லிசாக, விபூதியைத் தண்ணீரில் உதிர்த்ததுபோல வெள்ளை இறங்கியது.

ஆசிட் விட்டேன். கரையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கரையவில்லை. புதுக் குழாய் எடுத்து, கழுவி, துடைத்து, மறுபடியும் செய்தேன். அதே வெள்ளை. திரும்பிப் பார்த்தபோது டாக்டரம்மா பின்னால் நின்றிருந்தார்.

"என்ன தெரிகிறது?"

"வெள்ளைம்மா."

"ஆசிட்?"

"நின்னுக்கிச்சும்மா."

அவரே ஒரு தடவை செய்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இந்த நோய் வருவது உண்டு என்றார். நாள் முழுக்கக் காலில் நிற்கும் வாலிபர்களுக்குச் சில சமயம் காரணமில்லாமலும் ஒழுகும், படுக்கவைத்துச் சில நாள் கழித்துப் பார்க்க வேண்டும், ஆனால் இந்த நிலையில் யாரும் இவனிடமிருந்து எடுக்க மாட்டார்கள் என்றார். "ஒரே ரத்தம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீராயியிடம் டாக்டரம்மாதான் சொன்னார். அவள் அழவில்லை. "கேட்டுருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் கட்டிலுக்கு வந்தபோது முருகேசன் விழித்திருந்தான். கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் இருந்தது.

"ஆத்தா, ஒரு வேடிக்கை பாரு. இந்தப் பிள்ளைக ஜன்னல் ஓரத்துல துண்டு போட்டு ஒரு சீட்டப் பிடிச்சு வச்சிருக்குதுக. தம்பிக்காம்."

தவிட்டானை அவன் எப்போதும் 'டேய் தவுட்டா' என்றுதான் கூப்பிடுவான். தம்பி என்று அவன் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

வீராயி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி பல நாள் வலித்தது. "தாயி, நீ வாங்கிக்க."

எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. சுற்றிலும் நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள். "எங்கிட்டத் தவிடு இல்லையேம்மா" என்றேன். என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"வாசல்ல குதிரை நிக்குதுல்ல?"

ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் ஒரு ஜட்கா நிற்கும். வண்டிக்காரர் பேகம்பூர்ப் பக்கத்து பாய். குதிரைக்கு வைத்திருந்த தவிட்டில் கொஞ்சம் கேட்டேன். "தவுடா? என்னம்மா, இப்ப இதையும் நெருப்புல காட்டி டெஸ்ட் பண்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார். என் பின்னால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டார்.

வீராயி தவிட்டானைக் கேட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்தினாள். மீசை முளைத்த ஆள், என்னைவிட ஒரு முழம் உயரம். "மாட்ட விக்கிறதுன்னாக்கூடப் பல்லப் பிடிச்சுப் பாப்பாக. நீங்க பாக்கலையாக்கா?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். 

நான் தவிட்டை வீராயியின் முந்தானையில் போட்டேன். அவள் அவன் கையை என் கையில் வைத்தாள். ஆஸ்பத்திரியைப் பார்த்து, தெருவைப் பார்த்து, கத்தினாள். "வித்தாச்சு! இது எங்க பிள்ளை இல்ல! வித்தாச்சு!"

பிறகு என்னைப் பார்த்தாள். "வாங்கிக்கிட்டேன்னு சொல்லு."

"வாங்கிக்கிட்டேன்."

"சத்தமாச் சொல்லு தாயி. கேக்கட்டும்."

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இல்லை. மறுபடியும் சொன்னேன். ஜட்கா பாய்க்காவது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

வார்டுக்குத் திரும்பினோம். முருகேசன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். தம்பியின் மேல் கண் நின்றது. அடையாளம் தெரியாத பயணியைக் கேட்பதுபோலக் கேட்டான். "இவரு ஏறலையா?"

"இல்லப்பா" என்றாள் வீராயி. "இவரு வெளியூரு. சும்மா நிக்கிறாரு."

முருகேசன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்து, கண்டிப்பான குரலில், "அப்ப சீட்ட விடுங்க பிள்ளைகளா. துண்ட எடுங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றான். கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினான். "ரைட், போலாம்."

அதன்பின் அவன் பேசவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் வேலை பார்த்த பஸ்ஸிலேயே ஊருக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா முறை ஒருவர். தவிட்டான் வெளியூர்க்காரர்களோடு தள்ளி நின்றானாம்.

சில வாரம் கழித்து அவன் திண்டுக்கல்லுக்கு வந்தான். டாக்டரம்மா சொல்லி நான் காய்ச்சிப் பார்த்தேன். தெளிவு. ஆசிட் விட வேலையே இல்லை. படுத்து ஓய்வெடுத்ததில் சரியாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அது வைத்தியத்தில் உள்ளதுதான். அதற்குப் பின் ஒவ்வொரு வருஷமும் வரச்சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூட வெள்ளை இறங்கவில்லை. ஏன் என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அவன் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கேரளாவுக்கு லாரி ஓட்டினான். என்னை அம்மா என்று கூப்பிட்டான். அவன் கல்யாணத்தில் தாய் இடத்தில் நான் நின்றேன். வீராயி கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போனாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் என் தோளுக்கு மேல் பார்த்தாள். பிறகுதான் பேசினாள். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஒம் பிள்ளை நல்லாருக்கா தாயி?"

"நல்லாருக்கான்மா."

"லாரிக்குப் போனா நேரத்துக்குச் சோறு திங்குதா? வெஞ்சனத்துல உப்பக் கொறச்சுப் போடச் சொல்லு. காலையில எந்திரிச்சதும் மூஞ்சி வீங்கியிருக்கான்னு பாக்குறியா? கால அமுக்கிப் பாக்குறியா?"

"பாக்குறேன்மா."

"ஒம் பேத்திக்கு மொட்டை எடுத்தாச்சா? யாரு சாயல்?"

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "இம்புட்டு வெசாரிக்கிறீகளே, ஒங்க மகனா ஆத்தா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு கணம் சத்தமே இல்லை. வீராயியின் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. அவள் உதடு ஒட்டிக்கொண்டது. அந்த மூடிய அறையில் குழாய் நின்றபோது இருந்த அதே முகம்.

நான் கத்தினேன். என் ஆயுளில் அப்படிக் கத்தியதில்லை. வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள்.

"எம் பிள்ளைங்க! தவுட்டுக்கு வாங்குனது!"

எஞ்சின் மறுபடியும் கிளம்பியது. வீராயி என் கையை ஒரு தடவை தொட்டாள். இடது கையை வளைத்து, இடுப்பில் இருந்ததை மேலே தூக்கி ஒழுங்குசெய்துகொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவளிடம் மூட்டை எதுவும் இருக்கவில்லை.